டிஸ்டோபிய நாவலில் ‘நான்’ எங்கே இருக்கிறது: தேடிப் படிக்கும் முறை

மனிதரை நசுக்கும் கொடிய கற்பனைச் சமூகத்தைக் காட்டும் டிஸ்டோபிய நாவலைக் கையில் எடுக்கும் பலர், கொடுங்கோலன் யார், கிளர்ச்சி எப்போது வெடிக்கும் என்பதையே தேடிப் படிக்கிறார்கள். தனித்துவத்தைப் பற்றிப் பேசவோ எழுதவோ நினைப்பவருக்கு அந்த வழி அதிகம் உதவாது; ஆட்சி எவற்றையெல்லாம் கணக்கில் கொண்டுவந்தது, எது அதன் கணக்குக்குள் அடங்காமல் நின்றது என்பதையே பார்க்க வேண்டும். பழகிக்கொள்வதற்கு, ரஷ்ய எழுத்தாளர் யெவ்கேனி சமியாத்தின் 1920–21இல் எழுதிய, மக்கள் எண்களால் அழைக்கப்படும் வருங்கால அரசொன்றின் கதையான ‘We’ (ரஷ்ய மொழியில் ‘மி’) என்ற நாவல் பொருத்தமானது. 1924இல் நியூயார்க்கில் ஆங்கிலத்தில் வெளிவந்த அது, சோவியத் நாட்டில் அச்சேற 1988 ஆயிற்று.

தலைப்பிலிருந்தே தொடங்குங்கள். ரஷ்ய மூலத்தில் அது ஒரே சொல்: தன்மைப் பன்மை. தமிழிலோ ‘நாம்’ என்றால் கேட்பவரும் உள்ளே வருகிறார். ‘நாங்கள்’ என்றால் வெளியே நிற்கிறார். கதை சொல்லும் டி-503 வேற்றுக் கோள்களில் வாழ்பவர்களுக்காகவே குறிப்பெழுதுவதால் ‘நாங்கள்’ என்பதே இலக்கணப்படி சரி. ஆனால் அவன் கட்டும் விண்கலம் அவர்களையும் ‘நாம்’ ஆக்குவதற்காகவே புறப்பட இருக்கிறது. மொழிபெயர்ப்பாளரைத் திணறடிக்கும் இந்த இடத்தில் வாசகர் சற்று நிற்பது நல்லது.

அடுத்து, பென்சிலை எடுத்துக்கொண்டு, எண்ணால் குறிக்கப்படும் ஒவ்வொன்றுக்கும் அடிக்கோடிடுங்கள். ஆண்களுக்கு மெய்யெழுத்தும் ஒற்றைப்படை எண்ணும், பெண்களுக்கு உயிரெழுத்தும் இரட்டைப்படை எண்ணும் பெயர். ஒரு வாய் உணவுக்கு 50 முறை மெல்ல வேண்டும். கண்ணாடிச் சுவர்களுக்குள் நாளுக்கு 2 மணி நேரம் மட்டுமே சொந்த நேரம். அந்த அரசு பெருமையோடு நினைவுகூரும் பழங்கால மேதை, தொழிலாளியின் அசைவுகளைக் கடிகாரம் வைத்து அளந்த அமெரிக்கப் பொறியாளர் டெய்லர். சமியாத்தினே கப்பல் கட்டும் பொறியாளர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இதைச் சோவியத் எதிர்ப்பு நாவல் என்று மட்டும் சொல்லி முடித்துவிட முடியாது என்பது விளங்கும். இலக்கை எட்டினாரா என்று நிமிடத்துக்கு நிமிடம் அளக்கப்படும் கிடங்குப் பணியாளருக்கு அதை விளக்கவே தேவையில்லை.

இனி, அடிக்கோடு விழாத இடங்களுக்கு வாருங்கள். டி-503இன் கைகளில் அடர்ந்த ரோமம். யாராவது அவற்றைப் பார்த்தாலே அவன் கூசிப்போகிறான். தன்னை முழுக்க அரசின் பிள்ளையாகவே நம்பும் கணித வல்லுநனுக்கு, காட்டு மனிதனுடையவை போன்ற அந்தக் கைகளை எந்தச் சூத்திரத்தில் சேர்ப்பதென்று தெரியவில்லை. பின்னர் மருத்துவர் அவனுக்கு ஆன்மா உருவாகிவிட்டதாக நோயைச் சொல்வதுபோல் சொல்லும்போது, அந்தக் கைகளை நினைத்துக்கொள்ளுங்கள். கிளர்ச்சிக்காரி ஐ-330 பேசும் வீர வசனங்களைவிட, இந்த வெட்கமே தனித்துவத்துக்கு வலுவான சான்று என்பது என் கருத்து. அது அவன் தேர்ந்துகொண்டதல்ல. மறைக்கப் பார்த்தும் முடியாமற்போனது.

கடைசியாக, 40 குறிப்புகளில் நடுப்பகுதியிலிருந்து ஒன்றையும் இறுதிக் குறிப்பையும் அடுத்தடுத்து வாய்விட்டுப் படியுங்கள். முன்னதில் உவமைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வரும். வாக்கியங்கள் பாதியில் அறுந்து நிற்கும். கற்பனையை அகற்றும் அறுவைச் சிகிச்சைக்குப் பின் எழுதிய இறுதிக் குறிப்பில், தான் நேசித்த ஐ-330 வதைக்கப்படுவதை அவன் தெளிவான, பிழையற்ற வாக்கியங்களில் விவரிக்கிறான். கையெழுத்து மட்டும் தன்னுடையதேதான் என்று அவனே குறித்து வைக்கிறான்.