எரிபந்தத்துக்கு மருந்து: பரப்புக் கணக்கில் பிழை விடாதீர்கள்

காலபோக (பெரும்போக) நெல் குடலை தள்ளும், அதாவது தண்டுக்குள் கதிர் பருக்கும் நேரமும் யாழ்ப்பாணத்தில் பனி இறங்கும் நேரமும் ஒன்றாகவே வரும். இரவு குளிர்ந்து, விடிந்தும் இலை நனைந்தபடி நின்றால் எரிபந்தம் என்ற பங்கசு நோய் ஏறும். யூரியா அள்ளி எறிந்த வயல்தான் முதலில் விழும். புள்ளி கண்ட வயலுக்கு மேலுரம் போடுவதை உடனே நிறுத்துங்கள். வரம்பை இறுக்கித் தண்ணீரை மறியுங்கள். காய்ந்த வயலில் நோய் கூடும்.

முதலில் நோயை உறுதி செய்யுங்கள். எரிபந்தப் புள்ளி இரு முனையும் கூராக, கண் போல இருக்கும். நடு சாம்பல், ஓரம் கபிலம். எள்ளளவு கபிலப் புள்ளிகள் வேறு நோய். வெண்கதிர் கண்டால் இழுத்துப் பாருங்கள். இலகுவாகக் கையோடு வந்தால் தண்டுதுளைப்பான். அதற்குப் பங்கசுநாசினி வீண்செலவு. வராமல், கதிரின் கழுத்துக் கணு கறுத்திருந்தால் கழுத்து எரிபந்தம். அந்தக் கதிர் சப்பிதான் (பதர்), எந்த மருந்தும் மீட்காது.

அதனால்தான் கதிர் எட்டிப் பார்க்கத் தொடங்கும்போதே அடிக்க வேண்டும். ட்ரைசைக்கிளசோல் 75 சதவீதத் தூள் என்றால் ஏக்கருக்கு 120 கிராம், 200 லீற்றர் தண்ணீரில். பங்கசு இலையைத் துளைக்கக் கறுப்பு நிறமி வேண்டும். இந்த மருந்து அதை உருவாக விடாது. உள்ளே போய்விட்ட பங்கசுக்கு இது பெரிதாக உதவாது. இலையில் ஏற்கெனவே பரவியிருந்தால் ஐசோபுரோதியோலேன் 40 சதவீதத் திரவம் நல்லது, லீற்றருக்கு 1.5 மில்லிலீற்றர். போத்தல் லேபிளில் வேறு அளவு இருந்தால் லேபிள் சொல்வதே சரி.

இனி, பலர் சறுக்கும் இடம். பரப்பு என்ற நம் நில அளவு இரண்டு வகை. வரகுப் பரப்பு 16 சேர்ந்தால் ஒரு ஏக்கர். நெல்லுப் பரப்பு என்றால் 24. காணி உறுதியில் எது எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ட்ரைசைக்கிளசோல் தூள் நெல்லுப் பரப்புக்கு 5 கிராம் போதும், வரகுப் பரப்புக்கு 7.5 கிராம். மாறிக் கணக்குப் போட்டால் ஒன்றரை மடங்கு மருந்து விழும், அல்லது மூன்றில் ஒரு பங்கு குறையும்.

தூளைச் சரியாகப் போட்டாலும் நடை வேகம் கெடுக்கும். வெறும் தண்ணீர் நிரப்பி ஒரு நெல்லுப் பரப்புக்கு அடித்துப் பாருங்கள். 16 லீற்றர் டாங்கியில் பாதிக்குச் சற்று மேலே, 8.3 லீற்றர் முடிய வேண்டும். மிச்சம் நின்றால் மெதுவாக நடங்கள். பரப்பு முடிய முன்பே தீர்ந்தால் வேகத்தைக் கூட்டுங்கள், அல்லது நொசில் தேய்ந்திருக்கிறதா பாருங்கள். தேய்ந்த நொசிலை மாற்றுவது மருந்தை விட மலிவு. கூம்பாக விசிறும் நொசில்தான் கதிருக்கு ஏற்றது.

தூளை நேரே டாங்கியில் கொட்ட வேண்டாம். சிறு வாளியில் குழம்பாகக் கரைத்து, வடித்து ஊற்றுங்கள். அடிக்கும்போது இடையிடையே குலுக்காவிட்டால் தூள் அடியில் தங்கி, முதல் நிரைக்கே பெரும்பங்கு போய்விடும். களைநாசினி அடித்த தெளிக்கும் மிசினைக் கழுவாமல் எடுக்கவும் கூடாது.

நெற்பூ முற்பகலில் விரியும். பின்னேரம் மூன்றரைக்குப் பிறகு அடியுங்கள். மழை கறுத்தால் தள்ளிப் போடுங்கள். வாடைக்காற்று முகத்தில் அடிக்காதபடி குறுக்காக நடங்கள். கையுறை, முகமூடி, நீளக்கைச் சட்டை கட்டாயம். கதிர் முழுதாக வந்ததும், முதல் முறை அடித்து 7 முதல் 10 நாளில், இரண்டாம் முறை.

மிசினைக் கிணற்றடியில் கழுவாதீர்கள். நம் நிலத்தடி சுண்ணாம்புக்கல். ஊற்றியது கிணற்றுக்கே வரும். மூன்று முறை அலசிய தண்ணீரை அடித்த வயலிலேயே தெளித்து முடியுங்கள்.