விருந்துக்கு வரும் பூனையும் வீட்டுப் பூனைகளும்

ஊருக்குப் போகும் உறவினர் தம் பூனையைப் பத்து நாளைக்கு நம்மிடம் விட்டுச் செல்லும்போது, கூடையைக் கூடத்தின் நடுவில் வைத்துத் திறந்துவிடுவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. கும்பகோணத்துப் பக்கத்து ஓட்டு வீடாக இருந்தால், ரேழியை ஒட்டிய சிற்றறையில் மணல் தட்டு, தண்ணீர், அது வழக்கமாகப் படுக்கும் துவைக்காத துணி ஆகியவற்றை வைத்து, கதவைச் சாத்திவிட வேண்டும். முற்றத்துத் தூணேறி ஓட்டின் வழியே தப்பிவிடும் என்பதால், தொடக்க நாள்களில் முற்றத்துப் பக்கம் விடவே கூடாது. தடுப்பூசி போட்டாயிற்றா என்பதை முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

பூனைகள் முகத்தைவிட மணத்தையே முதலில் அறிகின்றன. ஆகவே ஒரு துண்டால் புதியதன் கன்னத்தைத் தடவி, அதை வீட்டுப் பூனைகள் படுக்குமிடத்தில் போட வேண்டும். அவற்றின் துணியை இதனிடம் வைக்க வேண்டும். பிறகு மூடிய கதவின் இருபுறமும் ஒரே நேரத்தில் சோறிட வேண்டும். எங்கள் வீட்டுக்கு வந்த ஒன்று, இரண்டு நாள் நெல் மூட்டைக்குப் பின்னால் மீசை நுனி மட்டும் தெரியப் பதுங்கியிருந்தது. இரவில் மட்டும் முள் நீக்கிய மீனைத் தின்றது. இழுத்து வெளியே எடுக்காமல் விட்டதே நல்லதாயிற்று. ஒரு நாள் முழுதும் எதுவும் தின்னாவிட்டால் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

உறுமல் அடங்கிய பின்னரே கதவைச் சிறிது திறக்கலாம். சண்டை மூண்டால் கையை நுழைக்காமல், நடுவே ஒரு முறத்தை நீட்டித் தடுக்க வேண்டும்.