குயில்ட்டுக்குள் வைக்கும் பஞ்சு: உப்பலைப் பார்த்து ஏமாற வேண்டாம்

நான் தைத்த முதல் குயில்ட் எட்டு வருடங்களாகப் பரணில் கிடக்கிறது. குயில்ட் என்றால் மேல்துணிக்கும் அடித்துணிக்கும் நடுவே பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வை. மேல்துணிக்காக மூன்று மாதம் அலைந்து சுங்கடித் துண்டுகளும் கட்டம் போட்ட நூல் துணிகளும் சேர்த்தேன். நடுவில் வைக்கும் பஞ்சுக்கு மூன்று நிமிடம்கூடச் செலவழிக்கவில்லை. கைக்கு மெத்தென்று இருந்தது, வாங்கிவிட்டேன். பஞ்சின் உப்பலுக்குக் குயில்ட் தைப்பவர்கள் சொல்லும் பெயர் லாஃப்ட். சென்னை வீடுகளில் பரணுக்கும் அதே பெயர்தான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

இந்தப் பஞ்சுக்கு ஆங்கிலத்தில் பேட்டிங் என்று பெயர். கடையில் அப்படிக் கேட்டால் சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானத்துக்கு வழி சொல்வார்கள். சௌகார்பேட்டைப் பக்கம் பாலிஃபில் ஷீட் அல்லது ஃபைபர் ஷீட் என்று கேளுங்கள், எடுத்துப் போடுவார்கள். அது பாலியஸ்டர். அதை விரலால் அழுத்திப் பார்த்து வாங்குவதுதான் நான் செய்த தவறு. கேட்க வேண்டியது ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் எத்தனை கிராம் எடை என்பது. ஒன்றரை மீட்டர் அகலமும் இரண்டு மீட்டர் நீளமும் உள்ள போர்வையில் 100 ஜிஎஸ்எம் வைத்தால் உள்ளே 300 கிராம் இருக்கும். 300 ஜிஎஸ்எம் என்றால் 900 கிராம். அந்த 900 கிராமை ஊட்டியில் போர்த்திக்கொள்ளலாம். மார்கழி இரவிலும் பெரும்பாலும் 20 டிகிரிக்குக் கீழே இறங்காத இந்த ஊரில் அது தண்டனை.

எடையைவிட இழை முக்கியம். வழக்கமான ஆய்வக அளவீட்டில் பருத்தி சுமார் 8.5 சதவீத ஈரத்தைக் காற்றிலிருந்தே இழுத்து வைத்துக்கொள்கிறது. பாலியஸ்டர் அரை சதவீதம்கூட இழுப்பதில்லை. புழுக்கமான இரவில் மின்சாரம் போனால் இந்த வித்தியாசம் முதுகுக்குத் தெரியும். ஆகவே போர்த்திக்கொள்ளப் பருத்திதான் என்பது என் கட்சி. ஆனால் ஐப்பசி மழையில் அதைத் துவைத்துவிடாதீர்கள். நனைந்த பருத்திக் குயில்ட்டை மொட்டை மாடிக்கு ஏற்ற இரண்டு பேர் வேண்டும், இரண்டு நாளில் காயாவிட்டால் முடைநாற்றம் குடியேறிவிடும். அடிக்கடி துவைக்க வேண்டிய பிள்ளைகளின் போர்வைக்கு 80 பங்கு பருத்தியும் 20 பங்கு பாலியஸ்டரும் கலந்த பஞ்சு நல்ல சமரசம்.

பருத்திப் பஞ்சு முதல் துவைப்பில் மூன்று முதல் ஐந்து சதவீதம்வரை சுருங்கலாம். 80 அங்குல நீளத்தில் நான்கு அங்குலம் போய்விடும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். துணியை முன்பே அலசிவிட்டுப் பஞ்சை அப்படியே வைத்தால் போர்வை முழுவதும் சுருக்கம் விழும். பழைய போர்வை போன்ற அந்தத் தோற்றம் சிலருக்குப் பிடிக்கும், எனக்கும் பிடிக்கும். வேண்டாதவர்கள் பத்து அங்குலச் சதுரம் ஒன்றை வெட்டித் துவைத்துக் காயவைத்து அளந்து பார்த்துவிட்டு மீதியை வெட்டலாம்.

இனி, அதிகம் பேர் தடுக்கி விழும் இடம்: தையலுக்கும் தையலுக்கும் நடுவே விடும் இடைவெளி. பஞ்சைத் தன் இடத்தில் பிடித்து வைப்பது தையல்தான். வெறுமனே தட்டிப் பரப்பிய பருத்தி என்றால் இரண்டு அங்குலத்துக்கு ஒரு தையல் ஓட வேண்டும். ஊசியால் குத்திக் குத்தி இழைகளைப் பின்னிய பஞ்சோ, உள்ளே மெல்லிய வலை வைத்ததோ என்றால் எட்டு, பத்து அங்குலம்வரை விடலாம். பாக்கெட்டில் வருவதில் இந்த அளவு அச்சாகியிருக்கும். மீட்டர் கணக்கில் வெட்டித் தரும் ஷீட்டில் எதுவும் இருக்காது. ஓரத்தைக் கையால் மெல்ல இழுத்துப் பாருங்கள், பிய்ந்து வந்தால் நெருக்கமாகத் தைக்க வேண்டிய சாதி. நான் ஆறு அங்குலக் கட்டங்களைப் போட்டு அழகு பார்த்தேன். மூன்றாவது துவைப்பில் பஞ்சு முழுவதும் கட்டங்களின் மூலைகளில் உருண்டைகளாக ஒதுங்கியது. கையால் தைப்பவர்களுக்கு வலை வைத்த பஞ்சைச் சொல்ல மாட்டேன், ஊசி ஒவ்வொரு முறையும் மல்லுக்கட்டும்.

வீட்டில் மெத்தை பிரித்த இலவம் பஞ்சு இருக்கிறதே என்று அதை நிரப்புவதும் தவறு. அதன் இழை குட்டையானது, வழவழப்பானது, ஒன்றையொன்று பற்றாது. அது தகடாக நிற்கும் என்று காத்திருப்பவர் இலவு காத்த கிளிதான். மெத்தைக்கும் தலையணைக்கும் அது ராஜா, குயில்ட்டுக்கு ஆகாது. ஃபோம் ஷீட்டைப் பைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பஞ்சே வேண்டுமா என்றும் ஒருமுறை யோசியுங்கள். பாட்டிகள் பழைய நூல் சேலையை மடித்து ஓட்டுத் தையல் போட்டுத் தைத்த போர்வையில் பஞ்சு கிடையாது. நடுவில் வெளுத்த சேலை இரண்டு அடுக்கு இருந்தால் இந்த ஊர்க் குளிருக்குப் போதும். சேலையில் சாயம் போகிறதா என்று மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள்.

கறுப்பு, அரக்கு, கருநீலத் துணிக்குள் வெள்ளைப் பஞ்சை வைத்தால் சில மாதங்களில் இழைகள் துணியைத் துளைத்து வெளியே நரைமுடிபோல் எட்டிப் பார்க்கும். மலிவான பாலியஸ்டரும் நெருக்கமில்லாத நெசவும் சேர்ந்தால் நிச்சயம். அடர்நிறப் பஞ்சு கிடைக்காவிட்டால் நெசவு நெருக்கமான துணியாவது எடுங்கள்.

கைக்குழந்தைக்குப் பரிசாகத் தைப்பவர்கள் மெல்லிய பஞ்சு வைத்துத் தரையில் விரிக்கும் விரிப்பாகத் தையுங்கள். ஒரு வயதுக்குள் உறங்கும் குழந்தையின் மேல் தளர்வான போர்வை எதுவும் வேண்டாம் என்பதே குழந்தை மருத்துவர்களின் அறிவுரை.

மிச்சத் துண்டுகளைச் சேர்க்கும்போது ஒன்றன்மேல் ஒன்று ஏற்றாதீர்கள், மேடு தட்டும். விளிம்போடு விளிம்பு வைத்து அகலமான ஜிக்ஜாக் தையல் போடுங்கள். பாலியஸ்டர் மிச்சத்தில் அடுப்படிக் கைப்பிடித் துணி தைக்கலாமே என்று தோன்றும். வேண்டாம், சூடான தோசைக்கல்லைப் பிடித்தால் உள்ளே உருகும். அதற்குப் பருத்திப் பஞ்சு இரண்டு அடுக்கு வையுங்கள். மைக்ரோவேவில் வைக்கும் கிண்ண உறை என்றால் தைக்கும் நூல்கூடப் பருத்தியாகவே இருக்க வேண்டும்.