எட்டு முடிச்சு: பாறையில் கால் வைக்கும் முன் கைக்கு வர வேண்டியது

பாறை ஏறப் பழக வருகிறவர்கள் முதலில் கேட்பது ஷூவைப் பற்றி. அப்புறம் விரல் பலம், கை பலம். முடிச்சைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு, "அதெல்லாம் அங்கே போனால் சொல்லித் தருவார்கள்" என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் தரையை விட்டுக் கிளம்பிய பிறகு உங்கள் உடம்பையும் கயிற்றையும் சேர்த்து வைத்திருப்பது அந்த ஒரு முடிச்சுதான். இன்றைக்கு அதை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

ஒரு கயிற்றுத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள். வாசித்து மட்டும் இது வராது. தரையில் எத்தனை தடவை வேண்டுமானாலும் தனியாகப் பழகலாம். ஆனால் அந்த முடிச்சை நம்பி மேலே ஏறும் முதல் சில நாட்களில் அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்தே ஆக வேண்டும்.

முதலில் கயிறு

1865 ஜூலை 14 அன்று ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மேட்டர்ஹார்ன் சிகரத்தை முதன்முதலாகத் தொட்ட எட்வர்ட் விம்ப்பர் குழுவில் 7 பேர் இருந்தார்கள். இறங்கும்போது ஒருவருக்குக் கால் வழுக்கியது, 4 பேர் சரிந்தார்கள், நடுவில் கயிறு அறுந்தது. அந்த 4 பேரும் இறந்தார்கள், மேலே நின்ற 3 பேர் பிழைத்தார்கள். அறுந்த கயிற்றை அடிவாரத்தில் இருக்கும் ஸெர்மாட் ஊர் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். அது நார்க்கயிற்றுக் காலம்.

1953-இல் எடல்ரிட் நிறுவனம் உள்ளே நைலான் இழைகளும் வெளியே பின்னிய உறையும் கொண்ட கயிற்றைக் கொண்டுவந்தது. இன்று நாம் ஏறுவது அந்த வகைக் கயிற்றில்தான். விழும்போது கொஞ்சம் நீண்டு கொடுக்கும், அதனால் உடம்பு வெடுக்கென்று இழுபடாது. ஒற்றையாகப் பயன்படுத்தும் கயிறு, 80 கிலோ எடையைக் கட்டி விழவைக்கும் சோதனையில் குறைந்தது 5 வீழ்ச்சிகளைத் தாங்கினால்தான் தேறும். கூரான விளிம்பில் உரசாமலும் பேட்டரி அமிலம் போன்றவை படாமலும் பார்த்துக்கொண்டால் கயிறு தன் வேலையைச் செய்துவிடும். மிச்சம் இருப்பது நம் கை செய்யும் வேலை.

கயிற்றின் நுனியில் வட்டத்துக்குள் 1 என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒற்றைக் கயிறு என்பதற்கு அதுதான் அடையாளம்.

படி 1: எட்டு

நுனியிலிருந்து இரண்டு முழம் அளந்து அந்த இடத்தைப் பிடியுங்கள். நுனிப் பக்கத்தை வால் என்றும் மறுபக்கத்தைத் தாய்க்கயிறு என்றும் வைத்துக்கொள்வோம். வாலை மடித்துத் தாய்க்கயிற்றின் முன்பக்கமாகக் குறுக்கே கொண்டுபோனால் ஒரு வளையம் கிடைக்கும். அதோடு நிற்காமல், வாலைத் தாய்க்கயிற்றின் பின்பக்கமாகச் சுற்றி முன்னால் கொண்டுவாருங்கள். இப்போது வளையத்துக்குள் முன்பக்கமிருந்து நுழைத்து இழுங்கள்.

8 என்ற எண் தெரிகிறதா? தெரியாவிட்டால் பெரும்பாலும் ஒரு சுற்றுக் குறைந்திருக்கும், சாதாரண ஒற்றை முடிச்சுதான் விழுந்திருக்கும். அவிழ்த்துவிட்டு மறுபடி போடுங்கள்.

படி 2: ஹார்னஸுக்குள் நுழைப்பது

இடுப்பிலும் தொடைகளிலும் மாட்டிக்கொள்ளும் பட்டைக் கட்டுதான் ஹார்னஸ். அதன் முன்பக்கத்தில் கயிறு கட்டுவதற்கென்றே தடித்த கண்ணிகள் இரண்டு உண்டு. கீழே இருப்பது கால்பட்டைகளைச் சேர்ப்பது, மேலே இருப்பது இடுப்புப் பட்டையில் இருப்பது. இரண்டையும் இணைத்துச் செங்குத்தாக ஒரு தைத்த வளையம் தொங்கும். அது காரபைனர் (வாய் திறந்து மூடும் உலோக வளையம்) மாட்டுவதற்கு. அந்த வளையம் எந்த வழியாகப் போகிறதோ அதே வழியாக வாலைக் கீழ்க் கண்ணியில் விட்டு மேல் கண்ணி வழியாக எடுங்கள். இடுப்பின் இரு பக்கமும் தொங்கும் சின்ன வளையங்கள் சாமான் மாட்டிக்கொள்ள மட்டும்தான். ஆள் பாரத்தை அவை தாங்காது.

ஒருமுறை நான் கால்பட்டைக் கண்ணியை விட்டுவிட்டு இடுப்புக் கண்ணியில் மட்டும் கட்டியிருந்தேன். முடிச்சு அச்சில் வார்த்தது போல அழகாக இருந்ததால் என் கண் அதிலேயே நின்றுவிட்டது. கூட வந்த நண்பர் குனிந்து, ஒன்றும் சொல்லாமல், காலியாகக் கிடந்த கீழ்க் கண்ணியை விரலால் தொட்டுக் காட்டினார். அன்றிலிருந்து முடிச்சைப் பார்ப்பதற்கு முன் கண்ணிகளைத்தான் பார்க்கிறேன்.

படி 3: வந்த வழியே திரும்புவது

முதலில் போட்ட எட்டை ஹார்னஸுக்கு அருகே தள்ளிக்கொள்ளுங்கள். முடிச்சுக்கும் ஹார்னஸுக்கும் இடையில் உண்டாகும் வளையம் மூடிய கை அளவைத் தாண்ட வேண்டாம். இப்போது வாலை, முதல் எட்டு எப்படி வளைந்து போகிறதோ அப்படியே பக்கத்தில் ஒட்டினாற்போல் திருப்பி விடுங்கள். ஏற்கெனவே இருக்கும் கயிறு எங்கே உள்ளே போகிறதோ அங்கே போங்கள், எங்கே வெளியே வருகிறதோ அங்கே வாருங்கள். குறுக்குவழி கிடையாது. கடைசியில் வால் தாய்க்கயிற்றுக்குப் பக்கத்தில், அதே திசையில் வெளியே வர வேண்டும்.

இந்தப் படியை ஆரம்பித்தால் முடிக்கும்வரை வேறு எதையும் தொடாதீர்கள். 1989-இல் பிரான்ஸில் புவூ என்ற இடத்தில் லின் ஹில் விழுந்தது இப்படித்தான். உலகின் தலைசிறந்த பாறையேறிகளில் ஒருவர் அவர். கயிற்றை ஹார்னஸில் நுழைத்தவர் முடிச்சைப் போடாமல் இடையில் ஷூ போடப் போனார், பேச்சில் கவனம் மாறியது. அப்படியே மேலே ஏறி, இறங்குவதற்காகக் கயிற்றில் சாய்ந்தபோது 20 மீட்டருக்கும் மேலிருந்து விழுந்தார். மரக்கிளைகளில் பட்டு வேகம் குறைந்ததால் பிழைத்தார். 1993-இல் அமெரிக்காவின் எல் கேப்பிட்டன் பாறையில் நோஸ் என்ற பாதையை, கருவிகளைப் பிடித்து ஏறாமல் கைகால் பலத்தில் மட்டும் ஏறிய முதல் ஆள் அவர்தான். அவருக்கே நடந்தது என்றால் இதற்குத் திறமை மட்டும் போதாது. முடிச்சு போடுகிறவரிடம் யாரும் பேச்சுக் கொடுக்காமல் இருப்பது நல்ல பழக்கம். யாராவது கொடுத்தால் "ஒரு நிமிஷம்" என்று சொல்லுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

படி 4: சீர் செய்து எண்ணுவது

கயிறுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் விரலால் நீவிச் சரியாக்குங்கள். பிறகு முடிச்சிலிருந்து வெளியே வரும் நான்கு கயிறுகளையும் ஒவ்வொன்றாக இழுத்து இறுக்குங்கள். இரண்டு மட்டும் இழுத்தால் உள்ளே தளர்ச்சி மிஞ்சும்.

இப்போது எண்ணுங்கள். இரண்டிரண்டாக ஒட்டியபடி ஐந்து ஜோடி தெரிய வேண்டும். இந்த எண்ணிக்கையால்தான் ஆரம்பிப்பவர்களுக்கு எட்டு முடிச்சைச் சொல்லித் தருகிறார்கள். வேறு நல்ல முடிச்சுகளும் உண்டு, ஆனால் இதில் தப்பு இருந்தால் எதிரே நிற்பவர் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடலாம்.

வால் குறைந்தது கயிற்றின் தடிமனைப் போல் பத்து மடங்கு நீளம் இருக்க வேண்டும். 10 மில்லிமீட்டர் கயிறு என்றால் 10 சென்டிமீட்டர். நான் ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாக விடுவேன். அதைவிட நீளமாகத் தொங்கவிட்டால், ஏறும் அவசரத்தில் தாய்க்கயிறு என்று நினைத்து வாலைக் காரபைனரில் மாட்டிவிடும் ஆபத்து உண்டு.

படி 5: ஒருவரை ஒருவர் பார்ப்பது

ஏறுகிறவரும் கீழே நின்று கயிறு பிடிப்பவரும் எதிரெதிரே நின்று ஒருவரை ஒருவர் சோதிக்கிறார்கள். பத்து வருஷம் சேர்ந்து ஏறியவர்களும் இதைச் செய்வார்கள். இதில் சந்தேகப்படுவதோ அவமதிப்பதோ ஒன்றுமில்லை.

ஏறுகிறவரிடம் பார்க்க வேண்டியவை: இடுப்புப் பட்டை இடுப்பெலும்புக்கு மேலே இறுகியிருக்கிறதா, இரண்டு கண்ணியிலும் கயிறு போகிறதா, ஐந்து ஜோடி இருக்கிறதா. சட்டை மறைத்தால் தூக்கிப் பாருங்கள்.

பிடிப்பவரிடம்: கயிற்றைத் தடுத்துப் பிடிக்கும் கருவிக்குள் கயிறு சரியான திசையில் போகிறதா, காரபைனர் பூட்டியிருக்கிறதா. கண்ணால் பார்த்தால் போதாது, அதன் வாயை விரலால் அழுத்திப் பாருங்கள். அப்புறம் கயிற்றின் மறுநுனியிலும் ஒரு முடிச்சு இருக்க வேண்டும். கயிற்றின் நீளம் போதாத பாதையில் ஆளை இறக்கும்போது நுனி கருவி வழியாக நழுவிப் போய்விடாமல் தடுப்பது அதுதான்.

இறங்கிய பிறகு

பாரம் ஏறிய முடிச்சு கல் மாதிரி இறுகியிருக்கும். நகத்தால் நோண்ட வேண்டாம். முடிச்சின் இரு ஓரங்களையும் பிடித்து, குச்சியை ஒடிப்பது போல முன்னும் பின்னும் வளைத்தால் இளகும். வாலை முழுதும் உருவிய பிறகு முதலில் போட்ட எட்டும் கயிற்றில் மிச்சமிருக்கும், அதையும் அவிழ்த்துவிடுங்கள். மறந்துவிட்டுக் கயிற்றை இழுத்தால் அது மேலே போய், பாதையின் உச்சியில் கயிறு போகும் வளையத்தில் சிக்கிக்கொள்ளும். பிறகு அதை எடுக்க யாராவது மறுபடி ஏற வேண்டும்.