ஸ்னோ ப்ளோவருக்கு ஷியர் பின் அவசியமா? பார்ப்பதும் மாற்றுவதும் எப்படி?

வாசல் பனியை ஒருவழியாகத் தள்ளி முடிக்கிற நேரம் பார்த்து மாநகராட்சி வண்டி வந்து, தெருப் பனியை எல்லாம் நம் டிரைவ்வே வாயில் ஒதுக்கிவிட்டுப் போகும். கனடாவில் வீடு வைத்திருப்பவர்களுக்கு இது பழகிப்போன காட்சி. அந்தக் குவியல் பஞ்சு போன்ற பனி இல்லை, உப்பும் சேறும் கலந்து இறுகிய ஐஸ். 2022 ஜனவரி 17 அன்று ரொறன்ரோவில் அரை மீட்டர் அளவுக்குப் பனி கொட்டியபோது அப்படி ஒரு குவியலுக்குள்தான் ஸ்னோ ப்ளோவரை (பனியை அள்ளி வீசும் இயந்திரம்) விட்டேன். டக் என்று ஒரு சத்தம். எஞ்சின் ஓடுகிறது, முன்னால் இருக்கும் இரும்புச் சுருளான ஆகரில் வலது பக்கம் சுற்றுகிறது, இடது பக்கம் மட்டும் அசையவில்லை. உங்களுக்கும் இப்படி ஆகியிருந்தால் பயப்பட வேண்டாம், ஷியர் பின் (எதிலாவது மாட்டினால் முறிவதற்கென்றே வைத்த சின்னப் போல்ட்) தன் வேலையைச் செய்திருக்கிறது.

முதலில் உங்களிடம் இருப்பது எந்த வகை என்று பாருங்கள். முன்பக்கம் ரப்பர் துடுப்பு மட்டும் தரையைத் தொட்டபடி சுற்றினால் அது சிங்கிள் ஸ்டேஜ். அதில் பெரும்பாலும் ஷியர் பின் இருக்காது, எதிலாவது மாட்டினால் பெல்ட் வழுக்கிவிடும். முன்னால் இரும்புச் சுருள் (இதுதான் ஆகர்), அதற்குப் பின்னால் பனியைத் தூக்கி எறியும் விசிறி (இம்பெல்லர்) என இரண்டும் இருந்தால் டூ ஸ்டேஜ். இந்தப் பதிவு அதற்குத்தான்.

எதற்காக இந்தப் பின்? எஞ்சின் வேகத்தை நடுவில் இருக்கும் கியர் பாக்ஸ் ஏறத்தாழ 10 மடங்கு குறைத்து, அந்த அளவுக்குப் பலத்தைக் கூட்டி ஆகருக்குக் கொடுக்கிறது. உள்ளே எஃகு வார்ம் (திருகு வடிவக் கியர்) ஒன்று, பல மாடல்களில் வெண்கலத்தாலான பல்சக்கரம் ஒன்று. ஆகர் ஒரு கல்லிலோ, பனிக்குள் உறைந்து கிடக்கும் செய்தித்தாள் கட்டிலோ சட்டென்று மாட்டி நின்றாலும் எஞ்சினும் கனமான இம்பெல்லரும் உடனே நிற்காது, அந்த வேகம் முழுவதும் பல்சக்கரத்தின் பற்களில்தான் போய் இறங்கும். அதற்கு முன்பே முறிந்துவிட வேண்டும் என்றுதான் ஆகரையும் அதைச் சுற்றும் தண்டான ஷாஃப்டையும் சேர்த்துப் பிடிக்கும் அந்தச் சின்னப் போல்ட்டை வேண்டுமென்றே மென்மையான இரும்பில் செய்கிறார்கள். ஷியர் பின்னுக்குச் சில டாலர், கியர் பாக்ஸுக்குப் பல நூறு டாலர்.

டோரோ நிறுவனத்தின் பவர் மேக்ஸ் வரிசையில் பல மாடல்களுக்கு ஷியர் பின்னே கிடையாது, கியர்களைக் கடினப்படுத்தியே செய்திருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு உங்கள் இயந்திரத்திலும் உடையாத போல்ட்டைப் போட்டுவிடாதீர்கள். பின்னுக்கென்று வடிவமைத்த இயந்திரத்துக்குப் பின்தான் வேண்டும்.

சரி, மாற்றுவோம். எஞ்சினை நிறுத்துங்கள், சாவியை எடுத்துவிடுங்கள், எல்லாம் அசைவற்று நிற்கும் வரை பொறுங்கள். எஞ்சின் நின்ற பிறகும் பெல்ட்டில் தேங்கியிருக்கும் இழுவிசையால், அடைப்பை எடுத்த நொடியில் இம்பெல்லர் ஒருமுறை திடீரென்று திரும்பலாம், இப்படியும் விரல்கள் போகின்றன. அதனால் பனியை எடுக்கக் கை வேண்டாம், இயந்திரத்தோடு வரும் குச்சியையே பயன்படுத்துங்கள்.

உடைந்த ஷியர் பின் பெரும்பாலும் மூன்று துண்டாகும். தலையும் நட்டும் விழுந்துவிடும், நடுத்துண்டு ஷாஃப்டுக்குள்ளேயே நிற்கும். கையுறை போட்டுக்கொண்டு ஆகரை மெதுவாகத் திருப்பி, இரண்டு துளைகளும் நேராக வந்ததும் மெல்லிய பஞ்ச் வைத்துச் சுத்தியலால் தட்டினால் வந்துவிடும்.

புதிய பின்னைப் போடும் முன், பலர் தவறவிடும் ஒரு வேலை இருக்கிறது. பின் இல்லாத அந்த நிலையில் ஆகரைக் கையால் சுற்றிப் பாருங்கள். ஷாஃப்ட் நிற்க ஆகர் மட்டும் தாராளமாகச் சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால் துரு ஏறி ஆகரும் ஷாஃப்டும் ஒட்டிக்கொண்டன என்று அர்த்தம், அப்புறம் எவ்வளவு நல்ல பின் போட்டாலும் பயன் இல்லை, பின் முறிந்தாலும் ஆகர் ஷாஃப்டை விடாது, அடி நேரே கியருக்குத்தான் போகும். நான் முதலில் வாங்கிய பழைய இயந்திரத்தில் பின் இரண்டும் புத்தம் புதிது, ஆனால் ஒரு பக்கம் இப்படி இறுகிக் கிடந்தது. அதைப் பார்க்காமலே ஓட்டி, ஒரே குளிர்காலத்தில் பல்சக்கரத்தின் பற்கள் மழுங்கிப்போயின. இன்றும் மனம் பொறுக்கவில்லை, ஐந்து நிமிட வேலை அது. இறுகியிருந்தால் துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி ஒரு இரவு விட்டு, மறுநாள் முன்னும் பின்னுமாக அசைத்துப் பாருங்கள். தேவைப்பட்டால் இரண்டு மூன்று நாள் இதையே செய்யுங்கள். இளகியதும் ஆகர் குழாயில் கிரீஸ் நிப்பிள் (கிரீஸ் செலுத்தும் சின்ன முனை) இருந்தால் கிரீஸ் அடித்து, ஆகரைச் சுற்றிச் சுற்றிப் பரப்புங்கள். பின்னைக் கழற்றாமல் கிரீஸ் அடித்தால் ஆகரும் ஷாஃப்டும் சேர்ந்தே சுற்றும், கிரீஸ் சரியாகப் பரவாது. வருடம் ஒருமுறை, பனி தொடங்கும் முன் அக்டோபரில் இதைச் செய்துவிடுங்கள்.

இனி புதிய பின். உங்கள் மாடல் எண்ணைச் சொல்லி அதற்குரியதையே வாங்குங்கள். அளவு ஒன்றாக இருக்கிறது என்று பட்டறையில் கிடக்கும் போல்ட்டைப் போடக் கூடாது. போல்ட் தலையில் 3 கோடு இருந்தால் கிரேட் 5, 6 கோடு இருந்தால் கிரேட் 8, இரண்டுமே இந்த வேலைக்கு மிகக் கடினம். கோடே இல்லாதது மென்மையானதுதான், ஆனால் சில நிறுவனங்கள் முறிய வேண்டிய இடத்தில் பள்ளம் வெட்டித் தருகின்றன, அது சாதாரணப் போல்ட்டில் இருக்காது. நேரே செருகி, நட்டை ஆடாத அளவுக்கு இறுக்கினால் போதும்.

ஹோண்டா போன்ற சிலவற்றில் இம்பெல்லருக்கும் தனிப் பின் உண்டு. ஆகர் சுற்றியும் பனி வெளியே பறக்கவில்லை என்றால் அதையும் பாருங்கள்.

ஷியர் பின் வாங்கும்போது குறைந்தது நான்கு வாங்குங்கள். இரண்டை ஒரு சின்னப் பையில் போட்டு, பஞ்ச், ஸ்பேனருடன் இயந்திரத்தின் கைப்பிடியிலேயே கட்டிவைத்துவிடுங்கள். இந்தப் பின் பகலில் கடை திறந்திருக்கும்போது உடைவதில்லை, காலை 6 மணிக்கு, கார் வெளியே போக வேண்டிய நேரத்தில்தான் உடைகிறது.