பழைய மருத்துவரின் அலமாரி அறக்கட்டளைக்கு வரும்போது

மருத்துவர் சங்க அறக்கட்டளைக்கு, பழைய மருந்துகளும் பதிவேடுகளுமாக நன்கொடையாக வரும் பெட்டியை உடனே துடைக்க ஆரம்பிக்காதீர்கள். முதலில் இருந்தபடியே படமெடுத்து, எண் கொடுத்து, யார் எப்போது தந்தார் என்று பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஈரத்தில் கசியும்.

அடுத்து ஆபத்தானவற்றைப் பிரியுங்கள். முன்பு தீக்காய மருந்தாகப் பயன்பட்ட பிக்ரிக் அமிலத்தின் புட்டி காய்ந்திருந்தால் மூடியைத் திருகவே கூடாது, உராய்விலேயே வெடிக்கும். தொடாமல் தீயணைப்புத் துறையை அழையுங்கள். பாதரசம் சிந்தினால் வாக்யூம் கிளீனர் வேண்டாம், அது ஆவியை அறையெங்கும் பரப்பும். எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் பிலிமில் எடுத்த பழைய எக்ஸ்ரே படங்கள் இன்னும் மோசம்: 1929 மே 15 அன்று அமெரிக்காவின் கிளீவ்லண்ட் கிளினிக் மருத்துவமனையில் அவை எரிந்து, நச்சுப்புகையில் 100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

நோட்டுப் புத்தகங்களில் துருப்பிடித்த ஊசி, ஸ்டேப்ளர் கம்பிகளை எடுத்துவிடுங்கள். பூச்சி இருந்தால் பாலிதீன் உறையில் காற்றுப்புகாமல் கட்டி, −20 டிகிரியில் ஒரு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் 24 மணி நேரம் உறையைப் பிரிக்காதீர்கள். பிரித்தால் தாளில் நீர் கோத்துக்கொள்ளும். செலோடேப் ஒட்டுவது பழுதுபார்ப்பதல்ல, பாழாக்குவது.

நோயாளி பெயருள்ள பதிவேடுகளைக் கண்காட்சிக்கு வைக்கிறீர்களா? பெயரை மறைத்த நகல் போதும்.