பெயர்ச் சீட்டு இல்லாத வாண்டா: இனம் கண்டறிந்து போட்டிக்கு விவரக் குறிப்பு எழுதுவது எப்படி?

வாண்டா டெஸ்ஸலேட்டா நம் ஊர்க்கார ஆர்கிட் செடி. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் மரக்கிளைகளில் தானாகவே வளர்வது. பெயர்ச் சீட்டு இல்லாமல் என்னிடம் வந்த ஒன்றுக்குப் பெயர் கண்டுபிடித்த வழியைச் சொல்கிறேன். செடி நன்றாகப் பூத்திருக்கிறது என்றே வைத்துக்கொள்கிறேன். காட்டில் பிடுங்கிய செடி மட்டும் வேண்டவே வேண்டாம், நர்சரியில் வாங்கியதாக இருக்கட்டும்.

முதல் வேலை, நிறத்தை ஒதுக்கி வைப்பது. இந்த இனத்தில் இதழ்கள் மஞ்சள்பச்சை, பழுப்பு, சாம்பல் நீலம் என்று செடிக்குச் செடி மாறும். இணையத்தில் படத்துக்குப் படம் ஒப்பிட்டுக்கொண்டிருந்தால் முடிவுக்கே வர முடியாது.

அடுத்து இலை. நீண்டு, நடுவில் மடிந்து, நுனி ஒழுங்கில்லாமல் பல்பல்லாக வெட்டுப்பட்டிருக்கும். வாண்டாக்கள் பலவற்றில் இப்படித்தான் என்பதால் இதோடு நிற்கக் கூடாது.

பெயரை உறுதி செய்வது உதடுதான், அதாவது மற்றவற்றிலிருந்து வேறுபட்ட வடிவில் பூவின் நடுவே நிற்கும் அல்லி இதழ். ஒரு பூவைத் தியாகம் செய்யுங்கள், மனசு கேட்காது, ஆனாலும் செய்யுங்கள். புது பிளேடால் நெடுக்கே இரண்டாக வெட்டி, 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். இரண்டு பக்க மடல்களும் சிறிதாக, கூராக இருக்கும். நடுமடல் தடித்து, நுனியில் லேசாகப் பிளந்திருக்கும். அடியில் குட்டையான, கூம்பு வடிவக் குழல். இதழ்களின் முகப்பில் கட்டம் கட்டமான கோடுகள், பின்புறம் வெள்ளை. பின்பக்கத்தைப் படம் எடுக்கப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பூ 2 செ.மீ. அளவிலேயே நின்று, கட்டங்கள் இல்லாமல் மஞ்சளாக இருந்தால் வாண்டா டெஸ்டேசியாவா என்று பாருங்கள். டெஸ்ஸலேட்டா பூ 4 முதல் 5 செ.மீ. வரை வரும்.

பெயரை லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தின் இணையப் பட்டியலில் சரிபார்த்து எழுதுங்கள். தாவரவியலாளர் ராக்ஸ்பரோ 1795இல் இதை எபிடெண்ட்ரம் என்ற பேரினத்தில் வைத்தார். பழைய நூல்களில் வாண்டா ராக்ஸ்பர்கி என்றும் இருக்கும். மூன்றும் ஒரே செடிதான்.

இனி அளவு. வெர்னியர் காலிப்பரை நான் சிபாரிசு செய்ய மாட்டேன், அதன் தாடை பட்டால் இதழில் தழும்பு விழும். கணக்குப் பெட்டியில் இருக்கும் கவராயமும் ஸ்டீல் ஸ்கேலும் போதும். இங்கேதான் நிதானம் தேவை. பூவின் மொத்த அகலம், உயரம் இரண்டையும் அது செடியில் நிற்கிற நிலையிலேயே எடுக்க வேண்டும். டெஸ்ஸலேட்டாவின் இதழ்கள் பின்னால் வளைந்து, ஓரம் நெளிந்திருக்கும். விரலால் அழுத்தி விரித்து அளந்தால் பூ பெரிதாகத் தெரியும், ஆனால் அது நடுவர் பார்க்கும் பூ அல்ல. பிறகு மேல் புல்லி, பக்கப் புல்லி, அல்லி, உதடு என்று ஒவ்வொன்றின் நீள அகலத்தையும் செ.மீ.யில், ஒரு தசமத்தோடு குறியுங்கள்.

குறிப்பு இந்த வரிசையில் போகட்டும்: “ஒரு பூந்தண்டில் 7 பூக்கள், 2 மொட்டுகள். புல்லியும் அல்லியும் மஞ்சள்பச்சை, மேலே பழுப்புக் கட்டங்கள், பின்புறம் வெள்ளை. உதடு ஊதா, பக்க மடல்கள் வெள்ளை. இதழ்கள் தடிமன், மேற்பரப்பு மெழுகுப் பளபளப்பு.” ‘அழகான’, ‘அருமையான’ எல்லாம் வேண்டாம். அமெரிக்க ஆர்கிட் சங்க முறையில் நடுவர்கள் தரும் புள்ளிக்கு ஏற்ப விருது: 75 முதல் 79 புள்ளிக்கு ஹெச்.சி.சி. (உயர் பாராட்டுச் சான்றிதழ்), 80 முதல் 89க்கு ஏ.எம். (தகுதி விருது), 90 முதல் எஃப்.சி.சி. (முதல் வகுப்புச் சான்றிதழ்). மனிதர் உருவாக்கிய கலப்பினம் அல்லாத இயற்கை இனச் செடிகளுக்கென்றே சி.ஹெச்.எம். (தோட்டக்கலைத் தகுதிச் சான்றிதழ்), சி.பி.ஆர். (தாவரவியல் அங்கீகாரச் சான்றிதழ்) விருதுகளும் உண்டு. இவை இரண்டும் இனம் உறுதியான பிறகே நிலைக்கும் என்பதால்தான் உதட்டுக்கு இவ்வளவு சொன்னேன்.

பிற்சேர்க்கை: வெட்டிய பூவை என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். 70 சதவீத ஆல்கஹாலில் போட்டு, பென்சிலால் எழுதிய சீட்டையும் உள்ளேயே வையுங்கள், பேனா மை கரைந்துவிடும். நிறம் போய்விடும், உதட்டின் வடிவம் நிற்கும். ஆகவே படங்களை முன்னாலேயே எடுத்துவிடுங்கள், வெயிலில் அல்ல, நிழலில்.